கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டி இரவு வானத்தைப் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

தொலைநோக்கி வழியே எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் கோடாகவோ குழம்பியோ விழுந்தால் பழி முதலில் கேமராவின் மேல்தான் போகும். அநேகமாக அது நிரபராதி. துருவத்தைச் சரியாக நோக்காத மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு), மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகிய ஃபோகஸ், ஆட்டம் காணும் இணைப்பு, இந்த மூன்றும்தான் படங்களைக் கெடுக்கின்றன. 2011இல் வந்த கேனான் 600டி இன்றும் நல்ல நெபுலாப் படம் எடுக்கும். அதனால் இங்கே கேமரா அமைப்புகளைவிட மவுண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறோம்.

லென்ஸைக் கழற்றக்கூடிய சாதாரண டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமரா, 80 முதல் 150 மி.மீ. வரை விட்டமுள்ள தொலைநோக்கி, மோட்டார் உள்ள மவுண்ட், இவை இருந்தால் போதும். உதாரணக் கணக்குகள் எல்லாம் 80 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. குவியத்தூரமும் (எஃப்/7.5) உள்ள இ.டி. (நிறப்பிசகைக் குறைக்கும் கண்ணாடி) லென்ஸ் தொலைநோக்கிக்கும், 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள ஏ.பி.எஸ்.-சி (22.3 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவுக்கும் போட்டவை.

வாங்கும்போது

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மவுண்டுக்குப் போகட்டும். மவுண்ட் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எடை கண்ணால் பார்ப்பதற்கானது. படமெடுக்க அதில் பாதியைத்தான் ஏற்ற வேண்டும். தொலைநோக்கி, கேமரா, கைடு ஸ்கோப் (மவுண்டின் பிசகைக் கண்காணிக்கும் சிறு தொலைநோக்கி), வளையங்கள் எல்லாம் சேர்ந்து 5 கிலோ என்றால் 10 கிலோ தாங்கும் மவுண்ட் தேவை.

தொலைநோக்கியில் முதல் தேர்வு இ.டி. கண்ணாடி உள்ள சிறிய லென்ஸ் வகை. அடுத்தது, படமெடுப்பதற்கென்றே வடிவமைத்த 130 மி.மீ. எஃப்/5 நியூட்டன் வகை (ஆடியால் ஒளியைக் குவிக்கும்) குழாய்; ஸ்கைவாட்சர் 130பி.டி.எஸ். அப்படிப்பட்டது. மலிவான குட்டையான அக்ரோமாட் லென்ஸ் குழாய் நிலாவுக்குப் பரவாயில்லை. பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி நீல ஒளிவட்டம் போடும், அதை எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. 2000 மி.மீ. குவியத்தூரமுள்ள 8 அங்குல ஷ்மிட்-காசக்ரேன் குழாயோடு நெபுலாப் படத்தைத் தொடங்குவது தலைவலியை விலை கொடுத்து வாங்குவது.

கேமராவை மாட்டுதல்

கேமரா லென்ஸைக் கழற்றிவிட்டு, ஐபீஸும் இல்லாமல், தொலைநோக்கியையே லென்ஸாக மாட்டுவதற்குப் பிரைம் ஃபோகஸ் என்று பெயர். வேண்டியவை இரண்டே பொருள்கள். ஒன்று, உங்கள் கேமராவில் லென்ஸ் பூட்டும் வாய்க்கு ஏற்ற டி-ரிங் என்ற வளையம். மற்றொன்று, ஃபோகஸருக்குள் நுழையும் மூக்குக் குழாய். மூக்குக் குழாயை 2 அங்குல அளவில் வாங்குங்கள். 1.25 அங்குலத்தில் ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் மூலைகள் இருண்டுவிடும். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள கேமரா அதில் தொங்கினால் சாயவும் சாயும்.

டி-ரிங் மரை 42 மி.மீ., புரியிடைவெளி 0.75 மி.மீ. பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களின் 42 மி.மீ. மரையில் புரியிடைவெளி 1 மி.மீ. இரண்டும் முதல் சுற்றில் பொருந்துவதுபோலத் தோன்றி இறுகிக்கொள்ளும். பலவந்தமாகத் திருகினால் மரை போச்சு.

டி-ரிங்கின் முகப்பிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. இருக்க வேண்டும் என்பது பொது ஏற்பாடு. கேனான் இ.எஃப். உடலில் 44 மி.மீ., ரிங்கில் 11 மி.மீ.; நிக்கான் எஃப். உடலில் 46.5, ரிங்கில் 8.5. சோனி இ. மிரர்லெஸ் உடலில் 18 மி.மீ.தான் என்பதால் அதன் ரிங் 37 மி.மீ. நீளக் குழாயாக இருக்கும். மூலை நட்சத்திரங்களைச் சீராக்கும் ஃபீல்டு ஃபிளாட்டனரோ (லென்ஸ் வகைக்கு) கோமா கரெக்டரோ (நியூட்டனுக்கு) மாட்டும்போது இந்த 55 மி.மீ. முக்கியம். ஒன்றிரண்டு மி.மீ. தவறினாலே மூலை நட்சத்திரங்கள் நீளும்.

புதிதாக மாட்டுகிறவர்களில் பலருக்கு முதல் இரவிலேயே ஃபோகஸ் கிடைக்காது. கண்ணால் பார்ப்பதற்காகச் செய்த நியூட்டன் குழாய்களில் ஃபோகஸரை முழுவதும் உள்ளே தள்ளியும் நட்சத்திரம் இன்னும் சுருங்கிக்கொண்டே வரும், புள்ளியாகாது. குவியம் கேமரா சென்சார் வரை எட்டவில்லை என்று பொருள். பார்லோ லென்ஸ் மாட்டினால் குவியம் வெளியே வந்துவிடும். குவியத்தூரமும் இரட்டிப்பாகிவிடும் என்பதால் நிலாவுக்கு மட்டும் அது சரி. நிரந்தரத் தீர்வு, முதன்மை ஆடியை நீளமான திருகுகள் போட்டு 20–40 மி.மீ. முன்னே நகர்த்துவது, அல்லது உயரம் குறைந்த ஃபோகஸர் மாட்டுவது. லென்ஸ் தொலைநோக்கியில் சிக்கல் தலைகீழ்: ஃபோகஸர் வெளியே வந்தது போதாது, நீட்டிப்புக் குழாய் சேர்க்க வேண்டும்.

இதை இருட்டில் கண்டுபிடிக்காமல் பகலிலேயே பார்த்துவிடுங்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள செல்போன் கோபுரத்தை ஃபோகஸ் செய்து, ஃபோகஸர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். 600 மி.மீ. குழாயில் நட்சத்திரத்தின் குவியம் அதைவிட அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ளே இருக்கும். சூரியன் இருக்கும் திசைப் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது.

இரண்டு கணக்குகள்

ஒரு பிக்சலில் வானத்தின் எவ்வளவு பகுதி விழும்? பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்க்வினாடியில் விடை வரும் (ஒரு பாகைக்கு 60 ஆர்க்நிமிடம், ஒரு ஆர்க்நிமிடத்துக்கு 60 ஆர்க்வினாடி). 4.3 × 206 ÷ 600 = சுமார் 1.5. இதே கேமரா 2000 மி.மீ. குழாயில் 0.44 ஆர்க்வினாடி. காற்றின் நடுக்கமே பெரும்பாலான இரவுகளில் 2 ஆர்க்வினாடிக்கு மேல் இருப்பதால், 0.44-இல் கூடுதல் விவரம் எதுவும் கிடைக்காது. மவுண்டின் ஒவ்வொரு தடுமாற்றம்தான் பெரிதாகத் தெரியும்.

சட்டத்துக்குள் எவ்வளவு வானம் அடங்கும்? சென்சார் அகலத்தை 57.3-ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 22.3 மி.மீ. சென்சாருக்கு 2.1 பாகை, அதாவது நான்கு முழு நிலாக்கள் வரிசையாக நிற்கும் அகலம். கார்த்திகைக் கூட்டமும் ஓரியன் நெபுலாவும் தாராளமாக அடங்கும். ஆண்ட்ரோமீடா கேலக்சி சுமார் 3 பாகை நீளம் என்பதால் ஓரங்கள் வெட்டுப்படும்.

வானம் வினாடிக்கு 15 ஆர்க்வினாடி நகர்கிறது. மவுண்டை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் டிராக்கிங் இல்லாமல் ஒரு வினாடி திறந்து வைத்தாலே நட்சத்திரம் 10 பிக்சல் கோடாகும். கேமரா லென்ஸுக்குச் சொல்லும் 500 விதியெல்லாம் (500-ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் திறந்து வைக்கும் வினாடி) தொலைநோக்கிக்கு உதவாது.

நிலாவில் தொடங்குங்கள்

டிராக்கிங் வேண்டாம், இருண்ட வானம் வேண்டாம், மொட்டைமாடி போதும். சென்சாரில் நிலாவின் விட்டம் குவியத்தூரத்தில் 110-இல் ஒரு பங்கு: 600 மி.மீ.க்கு 5.5 மி.மீ., 1200 மி.மீ.க்கு 11 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி சட்டத்தின் உயரம் 15 மி.மீ. என்பதால் 1500 மி.மீ. வரை முழு நிலாவும் உள்ளே நிற்கும்.

கேமராவை மேனுவலில் வையுங்கள். எஃப்/8 அளவில் பௌர்ணமிக்கு ஐ.எஸ்.ஓ. 100, 1/200 வினாடி. பாதி நிலாவுக்கு 1/60 அல்லது அதற்கும் மெதுவாக. ஆட்டோவில் விட்டால் சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். மிரர் லாக்-அப் போட்டு 2 வினாடி டைமரில் எடுங்கள். 1/60 போன்ற வேகங்களில்தான் கண்ணாடி எழும்பும் அதிர்வு படத்தில் தெரியும். பௌர்ணமி நிலாவில் நிழலே இல்லாததால் படம் சப்பென்று இருக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டையொட்டிப் பள்ளங்கள் எழும்பி நிற்கும். ஒரே படத்தோடு நிறுத்தாமல் 50–100 எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் நல்ல 20 சதவீதத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காற்றின் நடுக்கம் அடங்கிவிடும்.

மவுண்டும் துருவமும்

1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் 11 அங்குல லென்ஸ் தொலைநோக்கியில் 51 நிமிடம் தட்டைத் திறந்து வைத்து ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார். இன்றைய சென்சாரில் அதே விவரம் அரை நிமிடத்துக்குள் விழுந்துவிடும். வானத்தோடு சேர்ந்து சுழல வேண்டிய தேவை மட்டும் அவருக்கு இருந்ததுபோலவே நமக்கும் இருக்கிறது.

ஈக்வடோரியல் மவுண்டின் ஒரு அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். துருவத்தின் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைதான்: சென்னையில் 13 பாகை, கோவையில் 11, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10-ஐ ஒட்டி, நாகர்கோவிலில் 8. ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் நாற்பது ஐம்பது பாகை உயரத்தில் துருவ நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. நமக்கு அது வேப்பமரத்துக்குப் பின்னால், பக்கத்து வீட்டு மாடிக்குப் பின்னால், தூசிக்குள் மங்கலாக இருக்கும். சிங்கப்பூரில் 1.3 பாகை, அங்கே தேடவே வேண்டாம்.

தாழ்ந்த அட்சரேகையில் மவுண்டுக்கும் சில தொல்லைகள் உண்டு. வாங்குவதற்கு முன்பே, அதன் உயரத் திருகு உங்கள் ஊர் பாகை வரை இறங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில 15 அல்லது 20-க்குக் கீழே போகாது. இறங்கினாலும், எதிர் எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே நீட்டிப்புத் தூண் போடுவதே நல்ல வழி. இரண்டு கால்களுக்கு நடுவே தண்டு இறங்கும்படி முக்காலியைத் திருப்பி வைத்தாலும் இடிக்காது. எப்படி வைத்தாலும் எல்லாவற்றையும் ஏற்றிய பின் வடக்குப் பக்கம் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பாரம் வடக்கே சாய்ந்திருப்பதால் கவிழும் பயம் அந்தப் பக்கம்தான். உயரத் திருகைத் திருப்பும்போது ஒரு கையால் மவுண்டின் தலையைத் தூக்கிப் பிடியுங்கள். முழுப் பாரமும் அந்தத் திருகின் நுனியில் நிற்பதால் வளைந்துவிடும்.

சீரமைக்கும் வரிசை இது:

1. முக்காலியை ரசமட்டத்தில் நிறுத்துங்கள். மண்தரையானால் கால்களுக்கு அடியில் கல்லோ பலகையோ.
2. கேமரா, கைடு ஸ்கோப், கேபிள் எல்லாம் மாட்டிய பிறகு இரண்டு அச்சுகளிலும் எடையைச் சமன் செய்யுங்கள். கிழக்குப் பக்கம் ஒரு பொட்டு கனம் கூடுதலாக இருக்கட்டும். அப்போது பற்சக்கரங்கள் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும்.
3. துருவ நட்சத்திரம் தெரிந்தால் போலார் ஸ்கோப்பில் பாருங்கள். அது உண்மையான துருவத்திலிருந்து 0.6 பாகை தள்ளியிருக்கிறது. அந்த நேரத்துக்கு அது கடிகார முகத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் செல்போன் செயலி காட்டும், அங்கே நிறுத்துங்கள்.
4. தெரியாவிட்டால், மடிக்கணினியில் நினா என்ற இலவச மென்பொருளின் மும்முனைத் துருவச் சீரமைப்பைப் பயன்படுத்துங்கள். வானத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் மூன்று படம் எடுத்து, எவ்வளவு பிசகு, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும்.
5. கணினியே இல்லாவிட்டால் டிரிஃப்ட் முறை. உச்சிவட்டத்துக்கும் (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) வான நடுவரைக்கும் அருகே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, டிராக்கிங் ஓடும்போது ஐந்து நிமிடம் கவனியுங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் போயிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அடுத்து கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு நட்சத்திரம்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? துருவப் பிசகு ஒரு ஆர்க்நிமிடம் இருந்தால் நட்சத்திரம் அதிகபட்சம் நிமிடத்துக்கு 0.26 ஆர்க்வினாடி வழுவும். துருவ நட்சத்திரத்தையே துருவம் என்று வைத்துக்கொண்டால் பிசகு 38 ஆர்க்நிமிடம் அளவில். நிமிடத்துக்கு 10 ஆர்க்வினாடி, நம் உதாரணத்தில் 6–7 பிக்சல். 5 ஆர்க்நிமிடத்துக்குள் கொண்டுவந்தால் ஒரு நிமிட எக்ஸ்போஷருக்கு ஒரு பிக்சல்கூட வழுவாது.

துருவம் சரியாக இருந்தாலும் பற்சக்கரக் குறை போகாது. 180 பல் உள்ள சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் என்ற திருகு 479 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றும். அந்த எட்டு நிமிடத்துக்குள் நட்சத்திரம் கிழக்கும் மேற்குமாக ஊசலாடித் திரும்பும். அதனால்தான் 60 வினாடிப் படங்களில் சில கச்சிதமாகவும் சில நீண்டும் வருகின்றன. கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டை உடனுக்குடன் திருத்துவது) இல்லாதவரை 30–60 வினாடியில் நின்று, கெட்டவற்றைக் கழித்துவிடுங்கள். அதற்கு மேல் போக 50 மி.மீ. கைடு ஸ்கோப், சிறிய கைடு கேமரா, பி.எச்.டி.2 மென்பொருள் வேண்டும். கைடு ஸ்கோப்பைக் குழாயின் வளையங்களிலேயே இறுக்கமாகப் பூட்டுங்கள். இரண்டும் தனித்தனியே நெளிந்தால் கைடிங் வரைபடம் அழகாக இருக்கும், படம் நீண்டிருக்கும்.

மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அஸிமுத் கோட்டூ மவுண்ட் மட்டும் இருக்கிறதா? நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தினாலும் சட்டம் சுழலும். நம் அட்சரேகையில் தெற்கே 45 பாகை உயரத்தில் மணிக்கு சுமார் 21 பாகை சுழற்சி; 20 வினாடியில் மூலை நட்சத்திரம் 6 பிக்சல் வளையும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் சுழற்சி பூஜ்யத்தை ஒட்டிவிடும். அந்தத் திசைகளில், 30 முதல் 60 பாகை உயரத்தில் உள்ள பொருள்களை 15–20 வினாடிகளாக எடுத்தால் நல்ல படம் கிடைக்கும்.

ஃபோகஸ்

எஃப்/5 குழாயில் ஃபோகஸ் கூர்மையாக இருக்கும் இடைவெளி மொத்தமே 0.07 மி.மீ.; எஃப்/7.5-இல் 0.15 மி.மீ. கண் மதிப்பில் இதைப் பிடிக்க முடியாது. 2005இல் பாவெல் பாஹ்டினோவ் வடிவமைத்த, வரிவரியாகத் துளையிட்ட முகமூடியைக் குழாய் வாயில் பொருத்துங்கள். கார்ட்போர்டில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். குழாயின் அளவைக் கொடுத்தால் வரைபடம் தரும் இணையக் கருவிகள் உண்டு.

பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். குறுக்கே எக்ஸ் வடிவில் இரண்டு கதிர்கள், நடுவே ஒரு கதிர். நடுக்கதிர் இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை ஃபோகஸரைத் திருப்பி, பூட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போதே ஃபோகஸ் நகர்வது சகஜம் என்பதால் மறுபடி பாருங்கள். பிறகு முகமூடியைக் கழற்றுங்கள். கழற்ற மறந்து ஒரு மணி நேரம் படமெடுத்தவர்கள் ஏராளம். எல்லா நட்சத்திரத்துக்கும் ஆறு கொம்பு முளைத்திருக்கும்.

குழாய் குளிரக் குளிரக் குவியம் நகரும். மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். மலை மேல் முன்னிரவில் அரை மணிக்கு ஒருமுறை.

நம் வானத்தில் எதை எடுப்பது

துருவ நட்சத்திரம் தாழ்ந்திருப்பதற்கு ஈடாகத் தென் வானம் நமக்குத் திறந்திருக்கிறது. லண்டனில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டாரி கோளக் கொத்து சென்னையில் 29 பாகை உயரத்துக்கு வரும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவில் அந்த உயரத்தில் நிற்கும். கரீனா நெபுலா மார்ச் நள்ளிரவில் சென்னையில் 17 பாகை, நாகர்கோவிலில் 22. அதற்குத் தெற்கு அடிவானத்தில் ஊர் வெளிச்சம் இல்லாத இடம் வேண்டும். தெற்கே கடலோ மலையோ இருந்தால் நல்லது. ஆண்டின் முதல் நான்கு மாதங்களே தமிழ்நாட்டில் தெளிந்த வானத்துக்கு நம்பகமானவை. ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூருக்கும் அதுவே நல்ல காலம்.

முதல் இலக்காக ஓரியன் நெபுலாவைவிட நல்லது எதுவும் இல்லை. ஜனவரி–பிப்ரவரியில் திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே மூன்று நட்சத்திர இடுப்புவாரைப் பிடித்து, அதற்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் பாருங்கள். அதன் நடுப்பகுதி மிகப் பிரகாசம். 60 வினாடியில் வெளுத்துவிடும். அதற்கென 5 வினாடிப் படங்கள் இருபது தனியாக எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டும்.

செந்நிற நெபுலாக்கள் வெளிறி வந்தால் வியக்க வேண்டாம். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பொளியில் பெரும்பகுதியைக் கேமராவின் உள் வடிகட்டி தடுத்துவிடுகிறது. கேனான் 2012இல் 60டி.ஏ.வையும் நிக்கான் 2015இல் டி810ஏ.வையும் இந்த வடிகட்டியை மாற்றி விற்றன. சாதாரணக் கேமராவிலும் வடிகட்டியை மாற்றித் தருபவர்கள் உண்டு. மாற்றிய பின் பகல் படங்களில் சிவப்பு தூக்கலாக இருக்கும். நட்சத்திரக் கொத்து, கேலக்சி எடுப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

எக்ஸ்போஷர்

ரா கோப்பு, மேனுவல் அல்லது பல்ப், வெள்ளைச் சமநிலை பகலொளி. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரத்துக்கு ஒரு டார்க் (ஒளி விழாத படம்) எடுத்து இரவில் பாதியைத் தின்றுவிடும். 30 வினாடிக்கு மேல் போகக் கம்பி இன்டர்வலோமீட்டர் வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600-இல் தொடங்குங்கள். கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராம் மேடு இடப்பக்கச் சுவரை விட்டு விலகி, கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்க வேண்டும். நகரத்தில் எஃப்/5 குழாய்க்கு 30 வினாடியிலேயே அது வந்துவிடும். இருண்ட இடத்தில் எஃப்/7.5-க்கு 2–3 நிமிடம் பிடிக்கும். மேடு பாதியைத் தாண்டினால் நட்சத்திர நிறங்கள் போய்விடும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் இரைச்சலோடு ஒப்பிடும்போது சமிக்ஞை உயரும்: 25 படத்துக்கு ஐந்து மடங்கு, 100 படத்துக்குப் பத்து. ஒரு பொருளுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். ஒரே இரவில் ஐந்து பொருள்களைத் துரத்துவது எல்லாவற்றையும் அரைகுறையாக்கும். சில படங்களுக்கு ஒருமுறை சட்டத்தைப் பத்து பிக்சல் அளவுக்கு இடம் மாற்றும் டிதரிங்கைச் செய்யுங்கள். கைடிங் இல்லாவிட்டால் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டியின் மெதுவேகப் பொத்தானை லேசாகத் தட்டினாலும் போதும். இதைச் செய்யாத படத்தை அடுக்கினால் இரைச்சல் மழைச்சாரல்போல ஒரே சாய்வில் ஓடும்.

கடலோர ஊர்களில் நள்ளிரவுக்கு முன்பே லென்ஸ் வியர்க்கும். குழாய் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள பனிமறைப்பும், வாயைச் சுற்றி யு.எஸ்.பி. வெப்பப் பட்டையும் கட்டுங்கள். ஈரத்தைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறும்.

டார்க், ஃபிளாட், பயாஸ்

டார்க் (சென்சாரின் வெப்ப இரைச்சலைக் கழிக்க): மூடி போட்டு, வானப் படங்களின் அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ., அதே வெப்பநிலையில் 20–30. வெப்பநிலைதான் நம் ஊரில் பிரச்சினை. சென்சாரின் வெப்ப இரைச்சல் சுமார் 6 பாகை செல்சியஸுக்கு இரட்டிப்பாகும். மலையில் எடுத்த படத்துக்கு வீட்டுக்கு வந்து எடுத்த டார்க் பொருந்தாது. படப்பிடிப்பு முடிந்த கையோடு அங்கேயே எடுங்கள். வ்யூஃபைண்டரைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள், அதன் வழியே ஒளி கசியும்.

ஃபிளாட்: தூசி நிழல்களையும் மூலை இருட்டையும் நீக்குவது இதுதான். குழாய் வாயில் சுருக்கமில்லாத வெள்ளைப் பனியனை இழுத்துக் கட்டி, விடியல் வானத்தை நோக்கி, கேமராவை ஏ.வி. முறையில் வைத்து 25 படம். சூரியன் எழுவதற்கு முன்பே முடித்து மூடியைப் போட்டுவிட வேண்டும். டேப்லெட் திரையையும் பயன்படுத்தலாம். 1/20 வினாடிக்குக் குறையாமல் எடுத்தால் திரையின் மினுக்கம் விழாது. ஐ.எஸ்.ஓ., ஃபோகஸ், கேமராவின் கோணம் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. கேமராவைக் கழற்றிவிட்டால் அன்றைய ஃபிளாட் கதை முடிந்தது.

பயாஸ் (சென்சாரின் அடிப்படை அளவைக் கழிக்க): மூடி போட்டு, அதே ஐ.எஸ்.ஓ.வில், கேமராவின் அதிவேக ஷட்டரில் 50. ஒரு நிமிட வேலை.

கணினியில்

படங்களை அடுக்கும் மென்பொருளான சிரில் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான்கு கோப்புறைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் லைட்ஸ், டார்க்ஸ், ஃபிளாட்ஸ், பயாசஸ் என்று உருவாக்கிப் படங்களைப் பிரித்துப் போட்டு, வண்ணக் கேமராவுக்கான தயார் ஸ்கிரிப்டை ஓட்டினால் அடுக்கிய கோப்பு வந்துவிடும். ஓட்டுவதற்கு முன் லைட்ஸ் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நீண்டவை, மேகம் படிந்தவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செயற்கைக்கோள் கோடு விழுந்தவற்றை நீக்கத் தேவையில்லை. சிக்மா கிளிப்பிங் அவற்றைத் தானே கழித்துவிடும்.

அடுக்கிய கோப்பு திரையில் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். படம் வீண் என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். ஓரங்களை வெட்டுங்கள், பின்னணிச் சரிவை நீக்குங்கள், நட்சத்திரத் தரவை வைத்து நிறத்தைச் சீராக்குங்கள், அதன் பிறகே ஹிஸ்டோகிராமை நீட்டுங்கள். வரிசை மாறி முதலிலேயே நீட்டினால் நகர வெளிச்சத்தின் ஆரஞ்சுச் சரிவு படத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீட்டுவதைச் சிறு சிறு படிகளாகச் செய்யுங்கள். பின்னணியை முழுக் கறுப்பாக்கினால் நெபுலாவின் மெல்லிய ஓரங்களும் சேர்ந்து போய்விடும். 255-க்கு 20–30 அளவில் விடுங்கள். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்து, கடைசி மெருகை கிம்பில் போடலாம்.

கோள்கள் வேறு வேலை

வியாழன் 45 ஆர்க்வினாடி. 1200 மி.மீ. குழாயில் அது 60 பிக்சல்தான். மூன்று மடங்கு பார்லோ போட்டு, எஃப் எண் பிக்சல் மைக்ரானைப்போல நான்கைந்து மடங்கு, அதாவது எஃப்/18–20 ஆகும்படி பாருங்கள். புகைப்படம் வேண்டாம், வீடியோ. முழுச் சட்டத்தையும் சுருக்கும் சாதாரண வீடியோ விவரத்தைத் தின்றுவிடும். கேனான் 550டி, 60டி-யில் உள்ள 640 × 480 கிராப் முறையோ, லைவ் வியூவை 5 மடங்கில் கணினியில் பதிவதோ சரி. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் 2–3 நிமிடத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்தல்

நட்சத்திரங்கள் சட்டம் முழுக்க ஒரே பக்கம் நீண்டிருந்தால் 5 வினாடிப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். அதில் வட்டமாக இருந்தால் டிராக்கிங் குறை. ஒவ்வொரு படத்திலும் சம அளவு நீண்டால் துருவச் சீரமைப்பு. சிலவற்றில் மட்டும் என்றால் பற்சக்கரம் அல்லது காற்று. 5 வினாடியிலும் நீண்டிருந்தால் ஆடிகளின் சீரமைப்பைப் பாருங்கள்.

மூலைகளில் மட்டும் மையத்தை விட்டு வெளிப்பக்கம் வால் நீண்டால், நியூட்டனில் கோமா. கரெக்டர் இருந்தும் அப்படியென்றால் 55 மி.மீ. இடைவெளி தவறு. ஒரு பக்க மூலைகள் மட்டும் கெட்டிருந்தால் கேமரா ஃபோகஸரில் சாய்ந்து நிற்கிறது. நட்சத்திரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்தால் சட்டச் சுழற்சி. முக்கோணமாக இருந்தால் லென்ஸையோ ஆடியையோ பிடித்திருக்கும் மூன்று திருகுகள் மிகவும் இறுகியிருக்கின்றன. தாள் கனத்துக்குத் தளர்த்துங்கள். வெளிறிய வளையங்கள் சென்சாருக்கு முன்னுள்ள தூசி, ஃபிளாட் நீக்கிவிடும். ஃபிளாட் போட்ட பின்னும் வளையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வளையம் தெரிந்தால் தூசி இடையில் நகர்ந்திருக்கிறது.

எல்லாம் முடிந்து குழாயைப் பெட்டியில் வைக்கும் முன் ஒரு மணி நேரம் அறைக்குள் திறந்து காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். அது பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடுங்கள்.